மரக்காணத்துக்கு வந்த ரயில்

1

போன சனிக்கிழமை கிளப்பில் என் முறை வந்தபோது பெர்னார் வழக்கம்போலக் கேட்டார்: “மரக்காணத்தில் என்ன முன்னேற்றம், மதாம்?”

இந்தக் கேள்வியை நம் ஊரில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், முகத்துக்கு நேரே சிரிப்பார்கள். நான் எழுந்து நின்று பொறுப்பாகப் பதில் சொன்னேன். டீக்கடைக்குக் கூரை போட்டாகிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரை உட்கார வைத்திருக்கிறேன். கால்வாயில் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றிய பிசின் இன்னும் காயவில்லை, தொட்டால் விரலில் ஒட்டுகிறது. சுற்றி உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரக் கிழவர்கள் எல்லாரும் கவலையோடு தலையை ஆட்டினார்கள். ஒருவர், அறையில் ஈரம் அதிகம், அடுத்த வாரம் ஹீட்டர் வைத்துப் பார்க்கலாம் என்றார். ஊரில் எங்கள் தெருக் கால்வாயைப் பற்றி இவ்வளவு அக்கறையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

பாரிசுக்கு வெளியே நாங்கள் இருக்கும் ஊரில், நூலகத்துக்கு அடியில் உள்ள அறை அது. சின்ன ரயில் கட்டுகிறவர்களின் சங்கம். பொம்மை ரயில் என்று சொல்லிவிடாதீர்கள், அவர்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நிஜத்தில் உள்ளதை எண்பத்தேழு மடங்கு சிறிதாக்கி அப்படியே செய்கிறார்கள். ஆள் உயரம் சுண்டுவிரலில் பாதி. மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் எல்லாரும் கூடி, போன மாதத்திலிருந்து இன்றுவரை என்ன செய்தோம் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும். ஒன்றுமே செய்யாதவரும் எழுந்து, ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். எல்லாரும் ஆண்கள். நான் ஒருத்திதான் பெண்.

இதில் நானாகச் சேரவில்லை. சேர்ந்தவர் என் வீட்டுக்காரர். அவர் போய் இந்த அக்டோபரோடு ஒரு வருஷம். முதல் திவசம் முடிந்த கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: “செல்வி, புருசனும் போய்ட்டாரு, அங்க தனியா இன்னா பண்ணிக்கினு இருக்கற?” ரயில் விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள். அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

2

அவர் பெயர் தனசேகர். வாயால் சொல்லிப் பழக்கமில்லை, எழுதினால் தப்பில்லை. பாண்டிச்சேரிக்காரர். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் குடும்பத்துக்கே பிரெஞ்சுக் குடியுரிமை. இங்கே ஒரு பெரிய கிடங்கில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. சாதாரண ஆட்கள்தான் நாங்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது பாண்டிச்சேரியிலிருந்து கடற்கரை ரோடு வழியாக பஸ்ஸில் வந்தார். அந்தக் காலத்து ரோடு எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கோட்டக்குப்பம் தாண்டி, பெரிய முதலியார்சாவடி தாண்டி, குலுங்கிக் குலுங்கி வந்து இறங்கிய மனுஷன், பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் என் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி, “உங்க ஊருக்கு ரயில் கெடையாதுங்களா?”

அப்பா உப்பளத்தில் கூலி வேலை செய்தவர். வாய் மட்டும் ஜமீன்தார் வாய். “ஏன் இல்லாம? ஓட்டு கேட்டு வர்றவன் ஒவ்வொருத்தனும் ஒரு ரயில் வுட்டுட்டுத்தான் போறான். இன்னும் வந்து சேரல, அவ்ளோதான்” என்றார்.

அவர் சிரித்துச் சிரித்துக் காபியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். உள்ளே இருந்து பார்த்த எனக்கு அந்த இடத்திலேயே அவரைப் பிடித்துவிட்டது. கல்யாணமான பிறகு அடிக்கடி சொல்வார்: “உங்கப்பாவுக்கு நான் ஒரு ரயில் பாக்கி வச்சிருக்கேன்டி.”

சங்கத்தில் சேர்ந்ததும் அதைத்தான் செய்தார். இங்கே வழக்கம் என்னவென்றால், ஆளுக்கொரு பலகை. அதன் மேல் அவரவர் தமக்குப் பிடித்த ஊரைக் கட்டிக்கொள்ளலாம். ஆனால் பலகையின் இரண்டு முனையிலும் தண்டவாளம் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் வந்து முடிய வேண்டும். கண்காட்சி அன்று எல்லாப் பலகைகளையும் வரிசையாகச் சேர்த்து ரயில் விடுவார்கள். அவரவர் ஊருக்குப் பின்னால் அவரவர் நின்று, வருகிற ரயிலை வாங்கி, ஸ்டேஷனில் நிறுத்தி, பக்கத்து ஊர்க்காரருக்குப் போன் போட்டு, அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும். நிஜமான பழைய போன். கூப்பிடு தூரத்தில் நிற்கிற ஆளுக்கு எதற்குப் போன் என்று கேட்டால், ரயில்வே என்றால் அப்படித்தான் என்பார்கள்.

பெர்னார் ஓய்வுபெற்ற தபால்காரர். அவர் பலகை ஒரு பனிமலை ஊர். இந்தப் பக்கம் மிஷேல் என்பவரின் வடகடல் துறைமுகம். நடுவில் மரக்காணம். பனிமலையில் ஏறினால் அடுத்த நிறுத்தம் மரக்காணம் என்று எந்த மந்திரியும் இதுவரை அறிவித்ததில்லை.

இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்று, பலகையில் இருப்பது எந்த வருஷம், எந்த மாதம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு அதில் வைக்கிற கார், கடை, மரத்து இலை எல்லாம் அந்த மாதத்துக்கு ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது, எந்தப் பலகையில் ரயில் ஓட முடியாமல் பாதியில் நின்றுபோகிறதோ அதைத் தூக்கிவிடுவார்கள். சண்டை, சச்சரவு ஒன்றும் கிடையாது. அப்படி ஒரு ஊரே இல்லாத மாதிரி, இந்தப் பக்கத்துப் பலகையையும் அந்தப் பக்கத்துப் பலகையையும் சேர்த்துத் திருகாணி போட்டுவிடுவார்கள்.

3

2004 ஆகஸ்டில் ஊருக்குப் போனோம். என் தம்பி ஏழுமலை, அப்பா வேலை செய்த அதே உப்பளத்தில் இருக்கிறான். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு பாத்தி பாத்தியாக அளந்துகொண்டிருந்தார். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“மாமா, இன்னாத்துக்கு வரப்ப அளக்கறீங்க? எடம் வாங்கப் போறீங்களா?” என்றான் ஏழுமலை.

“ரயில் வுடப் போறேன்டா.”

“நீங்களுமா? போன எலெக்சனுக்கு வந்தவன் கூட இத்தத்தான் சொல்லிட்டுப் போனான்.”

அவர் கண்ணில் வெள்ளை வெயில் குத்த, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். கிளம்பும்போது தம்பி தன் கையால் வாரிய உப்பை ஒரு பை நிறையக் கட்டிக் கொடுத்தான். பாரிஸ் விமான நிலையத்தில் ஒரு அதிகாரி பையைப் பிரித்து, “இது என்ன?” என்றார். உப்பு. “பிரான்சில் உப்பு கிடைக்காதா?” மரக்காணத்து உப்பு கிடைக்காது என்று இவர் தண்டவாளம், பலகை, மாமனாருக்குக் கொடுத்த வாக்கு என்று ஆரம்பித்தார். பின்னால் வரிசை நீண்டது. அதிகாரி கையெடுத்துக் கும்பிடாத குறையாக எங்களைப் போகச் சொன்னார்.

சங்கத்தில் பெர்னார் அப்போதே எச்சரித்தார். உப்பு வேண்டாம், ஈரத்தை இழுக்கும், பிளாஸ்டர் போட்டு வெள்ளை அடியுங்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. இவர் கேட்கவில்லை. “மரக்காணத்துல பிளாஸ்டர் வெளையாது” என்பதைத் தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு பிரெஞ்சில் மாற்றிச் சொன்னாராம்.

கல்லுப்பு அப்படியே வைத்தால் எண்பத்தேழில் ஒன்று கணக்குக்குப் பாறாங்கல்லாகத் தெரிந்தது. என் மிக்ஸியில் போட்டு அரைத்தார். மிக்ஸி போச்சு. சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறீர்களா என்று நான் கத்தியதற்கு, “அத்தத்தான்டி அரைக்கிறேன்” என்றார். பசை தடவி, டீ வடிகட்டியில் சலித்து, பாத்தி பாத்தியாகத் தூவினார். வரப்பில் குவியல் வைத்து, அழகாகத் தென்னங்கீற்றால் மூடியும் வைத்தார். ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“ஏங்க, ஆகஸ்ட்டுன்னு எழுதிக் குடுத்துட்டு, எவனாவது ஆகஸ்ட்டுல கீத்து போடுவானா? மழைக்குத்தான் மூடுவாங்க.”

“பாக்க நல்லா இருக்குதேன்னு போட்டேன்.”

“பாக்க நல்லா இருக்கணும்னா உங்க பாண்டி பீச்சக் கட்டுங்க.”

ஒவ்வொரு கீற்றாக இடுக்கியால் எடுத்துவிட்டார். வீட்டில் கிளப்புக்குப் போவதை மரக்காணம் போவது என்றே சொல்லிப் பழகிவிட்டோம். எங்கள் மகள் சங்கீதாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. அவளுக்கு நீச்சல் போட்டிகள் சனிக்கிழமைதான் நடக்கும். “அப்பாக்கு நான் முக்கியமா, அந்தக் கட்டையா?” என்று ஒருநாள் கேட்டாள். அவர் அசடு வழிந்துகொண்டு, அடுத்த போட்டிக்குக் கட்டாயம் வருகிறேன் என்றார். சில போட்டிகளுக்கு வந்தார். சிலவற்றுக்கு வரவில்லை.

4

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் டி.வி.யைப் போட்டபோது கடல் நம் வீதிகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஏழுமலைக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தோம். லைன் கிடைக்கவில்லை. மறுநாள் அவனே பேசினான்.

“நாங்க இருக்கறோம்க்கா. உப்பளம் பூரா சேறு. அது கெடக்குது. குப்பத்துல போயி நிக்க முடியலக்கா. போன ஆகஸ்ட்டுல மாமாவ போட்டுல ஏத்திக்கினு போனாரே ஒருத்தரு, அவரு வூட்ல யாருமே இல்லக்கா.”

எங்கள் வீட்டில் உயிருக்கு ஒன்றுமில்லை. கடலோரக் குப்பத்தில் எத்தனையோ வீடுகளில் அப்படிச் சொல்ல வழியில்லை. இவர் போனைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் படகுக்காரர் தனக்கு வறுத்த மீன் கொடுத்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பலகையின் ஓரத்தில் அந்தக் குப்பத்தை அவர் கட்டி முடித்திருந்தார். நான்கு படகு, வலை காயவைக்கும் பெண்கள், ஓடுகிற ஒரு நாய். ஜனவரிக் கூட்டத்தில் எல்லாரும் எழுந்து நின்று மௌனமாக இருந்தார்களாம். பிறகு மிஷேல் தயங்கித் தயங்கி, படகுகளை எடுத்துவிடப் போகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். இவர் சொன்ன பதிலை வீட்டுக்கு வந்து என்னிடமும் சொன்னார்.

“எடுக்க மாட்டேன்னுட்டேன். பலகைல ஆகஸ்ட்டு. ஆகஸ்ட்டுல எல்லாரும் இருக்கறாங்க.”

சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

5

போன வருஷம் அக்டோபரில், வேலைக்குப் போகிற வழியில், டிராம் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

சமையலறை ஏப்ரனோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சங்கீதாவும் பள்ளியிலிருந்து வந்திருந்தாள். டாக்டர் அம்மா பொறுமையாகத்தான் பேசினார். இத்தனை வருஷம் இங்கே இருந்தும், அந்த நேரத்தில் ஒரு சொல்கூட என் காதில் ஏறவில்லை. “என்னடி சொல்றாங்க? என்னடி சொல்றாங்க?” என்று பிள்ளையைப் போட்டு உலுக்கினேன். பதினைந்து வயதுப் பெண். இந்தச் சேதியை மரியாதையாகச் சொல்ல அவளிடம் தமிழ் இல்லை. “அப்பா செத்துட்டாரும்மா” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அழவில்லை. தகனத்தின்போதும் அழவில்லை. என்னோடு தமிழில் பேசுவதும் அத்தோடு நின்றுபோனது. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் ஒரு சொல், இரண்டு சொல்லில் முடித்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். அப்பாவின் சட்டையை எடுத்து மடித்தால் அந்த இடத்தைவிட்டு எழுந்து போவாள். புருஷனைப் பறிகொடுத்த வீட்டில் பிள்ளையையும் பறிகொடுத்துக்கொண்டிருக்கிறேனே என்று இருந்தது எனக்கு.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போனதும் ஆபீஸ்காரர்கள் ஆரம்பித்தார்கள். அவர் பென்ஷன் எனக்கு வர வேண்டுமென்றால் என் பிறப்புச் சான்றிதழ் வேண்டுமாம். கொடுத்தேன். இது பழையது, சமீபத்தில் வழங்கியது வேண்டும் என்றார்கள். நான் பிறந்தது வானூர் ஆஸ்பத்திரியில். ஏழுமலைதான் மரக்காணத்திலிருந்து பஸ் மாறிப் போய்ப் புதிதாக வாங்கி அனுப்ப வேண்டும்.

“ஏன்க்கா, ஒருவாட்டி பொறந்தது பத்தாதாமா அவங்களுக்கு? நடுவுல திருப்பி ஏதாச்சும் பொறந்துட்டியான்னு கேக்கறாங்களா?”

அவர் போன பிறகு நான் முதல்முதலாகச் சிரித்தது அன்றுதான். சிரித்துக்கொண்டே இருந்தவள் போனைப் பிடித்தபடி ஓவென்று அழுதேன். “அழுவாதக்கா, நான் வானூரு போறேன், நாளைக்கே போறேன்” என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

6

கிளப் சாவி அவர் கோட்டில் கிடந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று ஒரு சனிக்கிழமை போனேன். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இங்கே ஆள் பெயரைக் கூப்பிட மாட்டார்கள், ஊர்ப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். பெர்னார் பட்டியலைப் படித்துக்கொண்டு வந்தவர் “மரக்காணம்” என்று படித்துவிட்டார். படித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

எனக்கு என்ன தோன்றியதோ, எழுந்து நின்றேன். “என் வீட்டுக்காரர் சொல்கிறார், கால்வாய் ஓரம் இன்னும் கொஞ்சம் பனைமரம் வேண்டும்” என்றேன். என் பிரெஞ்சில் நடந்து முடிந்த காலம் எப்போதும் தகராறுதான். சொன்னார் என்பதற்குச் சொல்கிறார் என்று வந்துவிட்டது. யாரும் திருத்தவில்லை. பெர்னார் எழுதிக்கொண்டார். சாவி என் கைப்பையிலேயே இருந்தது.

அந்தப் பலகையை நான் ஏன் விடவில்லை என்று கேட்டால் காரணம் ஒன்றுதான். அதில் ஆகஸ்ட். அந்த ஆகஸ்டில் படகுக்காரர் வீட்டில் எல்லாரும் இருக்கிறார்கள். என் புருஷனும் இருக்கிறார், வரப்பில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டு. வருகிற வசந்தத்தில் கண்காட்சி. மரக்காணம் அந்த வரிசையில் நிற்க வேண்டும், அவர் விட ஆசைப்பட்ட ரயில் அதன் வழியாகப் போக வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

பிப்ரவரியில் சோதனை ஓட்டம். பனிமலையிலிருந்து ஜம்மென்று வந்த ரயில் உப்பளத்து நடுவில் நின்றுபோனது. தள்ளிவிட்டார்கள். மறுபடி நின்றது. பெர்னார் பலகையைக் கவிழ்க்காமல் அடியில் படுத்து விளக்கடித்துப் பார்த்தார். எழுந்து வந்தவர் என் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டினார். தண்டவாளம் பச்சை பூத்திருந்தது. திருகாணிகள் துருப்பிடித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தன. கம்பிகளின் முனைகள் அரித்துப்போயிருந்தன. பாரிஸ் குளிர்காலத்து ஈரத்தையெல்லாம் மரக்காணத்து உப்பு ஒரு சொட்டு விடாமல் குடித்து, கசிந்து, உள்ளே இறங்கியிருந்தது.

உப்பு விற்கப் போனால் மழை பெய்யுது, மாவு விற்கப் போனால் காத்தடிக்குது என்று அப்பா சொல்வார். என் நேரம், நூலகத்துக்கு அடியில் மழையே இல்லாத அறையில் உப்பு கரைந்திருக்கிறது.

“உப்பை எடுத்தால் பிழைக்கும்” என்றார் பெர்னார். “எடுக்காவிட்டால் வரிசையில் வைக்க முடியாது. உங்களுக்குக் கஷ்டமாக இருந்தால் நான் எடுத்துவிடுகிறேன். நீங்கள் பார்க்க வேண்டாம்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் அல்ல. அத்தனை பேர் படித்துப் படித்துச் சொல்லியும் கேட்காமல் உப்பைத் தூவிவிட்டுப் போன மனுஷன் மேல். “நானே எடுக்கறேன்” என்று தமிழில் சொல்லிவிட்டேன். பெர்னாருக்குப் புரிந்திருக்க வேண்டும், ஒரு வாளித் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து வைத்தார்.

ஒவ்வொரு பாத்தியாக ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். வடிகட்டியில் சலித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, குனிந்து குனிந்து அவர் தூவிய உப்பு. ஒரு பாத்தியில் பசை காயுமுன் விரல் பட்டிருக்கிறது, ரேகை பதிந்திருந்தது. அதைக் கடைசிவரை விட்டு வைத்தேன். பிறகு அதையும் ஒற்றினேன். ஒற்றாமல் என்ன செய்ய? துணியைப் பிழியப் பிழிய வாளித் தண்ணீர் கலங்கியது. அவர் நாலைந்து மாதம் பாடுபட்டது, தொட்டியில் ஒரு வாளி ஊற்றியதும் போய்விட்டது. “இத்தனை அவசரமா உங்களுக்கு? இத்தனை அவசரமா?” என்று அந்தத் தொட்டியைப் பார்த்துக் கேட்டேன். பெர்னார் அந்தப் பக்கம் திரும்பி, கையில் வைத்திருக்கிற திருப்புளியையே மேசை மேசையாகத் தேடிக்கொண்டிருந்தார்.

அடுத்த கூட்டத்தில், உப்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டர் போட்டேன் என்று முன்னேற்றம் சொன்னேன். மேலே வார்னிஷ் அடித்ததில் ஈர உப்பு மாதிரியே மின்னியது. மிஷேல் அது நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார். நன்றாகத்தான் வந்திருந்தது. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

7

கண்காட்சி ஒரு விளையாட்டு அரங்கில். கூட்டம், குழந்தைகள் கூச்சல், ஒலிபெருக்கி. நேரே முகம் பார்த்துப் பேசினால் பிரெஞ்சு புரியும். இரைச்சலில் போனில் பேசினால் எனக்குச் சுத்தமாகப் புரியாது. போன் இல்லாமல் ரயிலை வாங்கவோ அனுப்பவோ முடியாது. வேறு வழியில்லாமல் சங்கீதாவைக் கெஞ்சினேன். “மதியம் வரைக்கும்தான்” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு வந்தாள். காதில் பாட்டுக் கம்பியை மாட்டிக்கொண்டு, மரக்காணத்துக்கு முதுகைக் காட்டி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்தப் பலகையை அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

போன் அடித்தது. எடுத்துக் கேட்டவள், பனிமலையில் ரயில் தயாராம் என்றாள். “வரச் சொல்லு.” சொன்னாள்.

பெர்னாரின் மலைக் குகையிலிருந்து வெளியே வந்தது. நீல எஞ்சின், நாலு பெட்டி. கால்வாய்ப் பாலத்தில் ஏறியது. பனைமரங்களைத் தாண்டியது. உப்பளத்துக்குள் நுழைந்தது, பிப்ரவரியில் நின்றுபோன அதே இடம். நிற்கவில்லை. உப்பு வாருகிற பெண்கள் பக்கத்தில் உரசுவது போலப் போய், அவர் தமிழில் எழுதி நட்ட “மரக்காணம்” பெயர்ப் பலகைக்கு முன்னால், ரயிலை ஓட்டி நிறுத்தும் குமிழை நான் திருகியதும், சாதுவாக நின்றது.

ஒரு சின்னப் பையன் கை தட்டினான். பெர்னார் தன் பலகைக்குப் பின்னாலிருந்து தொப்பியைத் தூக்கினார்.

மிஷேலுக்குப் போன் போட வேண்டும், அவர் சரி என்றதும் நான் குமிழைத் திருக வேண்டும். கால அட்டவணைப்படி ரயில் சற்று நேரம்தான் நிற்க வேண்டும். சங்கீதா போன் போட்டுக் கேட்டுவிட்டாள். “அனுப்பலாமாம்” என்று பிரெஞ்சில் சொன்னாள். என் கை குமிழ் மேல்தான் இருந்தது. திருகவில்லை.

எத்தனையோ எலெக்சனுக்கு வராத ரயில் வந்துவிட்டது. எங்கள் அப்பாவும் இல்லை, விட்டவரும் இல்லை. இதை அனுப்பிவிட்டால் அவர் செய்ய நினைத்த காரியம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவருக்கென்று செய்ய என்னிடம் என்ன இருக்கிறது? இப்படியே நிற்கட்டும், சாயங்காலம் வரைக்கும் நிற்கட்டும் என்று இருந்தது. கண்ணை மறைத்தது. குமிழ் தெரியவில்லை.

எனக்குப் பின்னால் வரிசை முழுவதும் நின்றுபோயிருந்தது. பனிமலையில் இன்னொரு ரயில் காத்துக்கொண்டிருந்தது. அங்கங்கே தலைகள் திரும்பின. யாரோ மைக்கில் என்னவோ சொன்னார்கள். போன் அடித்தது. நிறுத்தி, மறுபடி அடித்தது.

சங்கீதா பாட்டுக் கம்பியைக் காதிலிருந்து உருவிவிட்டு எழுந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள், பாத்தி பாத்தியாக, வரப்பு வரப்பாக, ஸ்டேஷன் வரைக்கும். பிறகு போனை எடுத்தாள். மிஷேல் அங்கே ஏதோ கேட்டார். அவள் பிரெஞ்சில், நிதானமாக, எனக்கும் ஒவ்வொரு சொல்லும் விளங்கும்படி பதில் சொன்னாள்.

“மன்னிக்க வேண்டும். மரக்காணத்தில் இன்னும் ஒருவர் ஏறவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.”

போனை வைத்தாள். குமிழ் மேல் இருந்த என் கையின் மேல் தன் கையை வைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் பிள்ளைக்கு முகமெல்லாம் தண்ணீர். ஐந்தாறு மாதம் அடக்கி வைத்தது, தேம்பக்கூட முடியாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

“அவசரப்படுத்தாத” என்றாள், தமிழில். “அப்பா மெதுவாத்தாம்மா ஏறுவாரு.”

அதற்குப் பிறகு போன் அடிக்கவில்லை. அந்த அரங்கில் எல்லா ரயில்களும் நின்றுகொண்டிருந்தன.